ரோட்டுக்குப் போன எட்டு சென்ட்: கவர்மெண்ட் மேல கேஸ் போட்ட கதை

வேலூரப் பத்தி ஒரு பேச்சு உண்டு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு. கோயிலுக்கு 1981லயே சாமி திரும்பி வந்துட்டாரு, பாலாத்துல 2021 நவம்பர்ல எவ்ளோ தண்ணி வந்துச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். லிஸ்ட்டுல இடம் காலியா இருக்கேன்னு எங்க வீட்டுல ஒண்ணு சேத்துக்கிட்டோம், நிலம் எடுக்காமலே போட்ட ரோடு.

எங்க ஊரு குடியாத்தம் பக்கம். ஊர்ப் பேரும் வேணாம், துறை பேரும் வேணாம், அங்க வேல பாக்குற பாதி பேரு இன்னும் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வர்றவங்க. வேலூருக்கு மட்டும் தனியா எம்பி எலெக்ஷன் வெச்சாங்களே 2019 ஆகஸ்ட்ல, அது முடிஞ்சு அடுத்த மாசம். நான் ராணிப்பேட்டை சிப்காட்டுல நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு தூங்கிட்டு இருக்கேன், சித்தப்பா போன் பண்றாரு, "டேய் ஜேசிபி வந்துகீது, நம்ம தென்னமரத்த தள்ளிட்டானுங்க"ன்னு. நான் பைக் எடுத்துட்டுப் போய் சேர்றதுக்குள்ள நாலு தென்னை, வேலிக் கல்லு, கொஞ்சம் மதில் எல்லாம் படுத்துடுச்சு. அங்க நின்ன சூப்பர்வைசர கேட்டா "புறம்போக்கு சார், ரோடு அகலப்படுத்துறோம்"ன்னு ஒரே வரி. நோட்டீஸ் எங்கன்னு கேட்டேன், "ஆபீஸ்ல கேளுங்க"ன்னாரு. அன்னிக்கு சித்தப்பா மட்டும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணாரு, சண்ட போடறதுக்கு முன்னாடியே போன்ல ஏழெட்டு போட்டோ எடுத்து வெச்சாரு, மரத்த தள்ளுறது, ஜேசிபி, பக்கத்துல மைல் கல்லு எல்லாம் தெரியுற மாதிரி. அது எவ்ளோ பெரிய விஷயம்னு அன்னிக்குத் தெரியல.

அப்புறம் ஆறு வருஷம் ஓடுச்சு. இதுல நாங்க பண்ண தப்பு எல்லாம் ஒரே ரகம். எங்க பக்கம் நியாயம் இருக்கு, அதனால எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் எப்படிக் கேட்டாலும் கிடைச்சிடும்னு நெனச்சோம். சத்துவாச்சாரி கோர்ட்டுல எங்க முதல் வக்கீலோட குமாஸ்தா ஒருத்தரு, எழுபது வயசு இருக்கும், வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாரு, "தம்பி, நீ எவ்ளோ அழுதாலும் கோர்ட்டு ரெண்டே கேள்விதான் கேக்கும். நீ யாரு? உனக்கு இன்னா வேணும்? அதுக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் அழு." நாங்க அழுதுட்டு அப்புறம்தான் பதில் தேடுனோம்.

முதல்ல பேப்பர். நிலம் தாத்தா 1960கள்ல கிரயம் வாங்கினது, கிரயப் பத்திரம் இருக்கு, பட்டா தாத்தா பேர்லயே இருக்கு. அவரு உயில் எதுவும் எழுதாம போயிட்டாரு, அதுக்கப்புறம் எங்க அப்பாவும் போயிட்டாரு. யாரும் பட்டா மாத்தல, ஏன்னா மாத்தணும்னா அத்தையும் சித்தப்பாவும் நாங்களும் உக்காந்து பேசணும், பேசுனா பழைய நகை கதை எல்லாம் வரும், அதனால எல்லாரும் அப்படியே விட்டுட்டோம். இது நம்ம பக்கம் பாதி வீட்டுல இருக்குற கதைதான். 80கள்ல யூடிஆர், அதாவது நிலப் பதிவேடு எல்லாத்தையும் புதுப்பிக்குற வேல, வந்தப்போ பழைய சர்வே நம்பர உடைச்சு புது சப்டிவிஷன் போட்டாங்க இல்லையா, அதுல எங்க நிலத்துக்கு ரோட்டு ஓரம் கோடு கொஞ்சம் உள்ள தள்ளி விழுந்திருந்துச்சு. சிட்டாவுல பரப்பு ஒண்ணு, பத்திரத்துல ஒண்ணு. தாலுகா ஆபீஸ்ல எஃப்எம்பியும் (நிலத்தோட அளவு வரைபடம்) அ பதிவேடும் (சர்வே நம்பர் வாரியா நிலம் யாருது, எவ்ளோன்னு இருக்குற பதிவேடு) காப்பி எடுத்தப்பதான் இதெல்லாம் எங்களுக்கே தெரியும். இப்போ எஃப்எம்பி, அ பதிவேடு எல்லாம் ஆன்லைன்லயே பாக்கலாம், ஆனா கோர்ட்டுக்கு சீல் வெச்ச காப்பி வேணும், அதையும் புது நம்பருக்கு மட்டும் வாங்காதீங்க, பழைய சர்வே நம்பருக்கும் சேத்து வாங்குங்க. குடுக்கலைன்னா ஆர்டிஐ போடுங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், 30 நாள்ல பதில் சொல்லணும். எங்களுக்கு ரொம்ப உதவுனது ஒரு ஆர்டிஐ பதில்தான். "மேற்படி சாலைக்கு நில எடுப்பு செய்யப்பட்டதா, ஆணை நகல் தரவும்"னு கேட்டதுக்கு "அவ்வாறான கோப்பு இவ்வலுவலகத்தில் இல்லை"ன்னு ஒரே வரி பதில் வந்துச்சு. அந்த ஒரு வரி பின்னாடி ஹைகோர்ட்டுல எங்க வக்கீலு அரை மணி நேரம் பேசுறதுக்கு சமமா நின்னுச்சு.

மனு நீதி நாள், குறைதீர்வு நாள்னு சித்தப்பா திங்கக்கிழமை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போய் மனு குடுத்தாரு. நான் கிண்டல் பண்ணேன், ஆனா அவரு ஒவ்வொரு மனுவுக்கும் சீல் போட்ட ரசீது வாங்கி பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருந்தாரு, பதிவுத் தபால்ல அனுப்பினதுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் கார்டையும் வெச்சிருந்தாரு. அதிகாரிக்கு "இதைச் செய்"னு ஹைகோர்ட் சொல்ற ஆணைக்குப் பேரு மாண்டமஸ், அது கேக்கணும்னா நீ முன்னாடி அந்த அதிகாரிகிட்ட கேட்டியா, அவரு செய்யலியான்னு பாப்பாங்க. கேட்டதுக்கு ஆதாரம் அந்த ரசீதுதான். ஆனா ஒண்ணு, மனு குடுத்துக்கிட்டே இருந்தா காலம் நமக்காக நிக்காது. பத்து வருஷம் சும்மா இருந்துட்டு நேத்து ஒரு மனு குடுத்து இன்னிக்கு கோர்ட்டுக்குப் போனா செத்துப்போன வழக்குக்கு உயிர் வராதுன்னு சுப்ரீம் கோர்ட் 2008லயே ஜேக்கப் கேஸ்ல சொல்லிடுச்சு, கனிமத்துறை டைரக்டர் மேல போட்ட கேஸ் அது.

சரி, நாங்க பண்ண முதல் கேஸ். அவசரத்துல வேலூர்ல முன்சீப் கோர்ட்டுல ஒரு சூட், அதாவது சிவில் வழக்கு, போட்டோம், ரோடு போடக்கூடாதுன்னு தடை கேட்டு. தனி ஆள் மேல கேஸ்னா நேரா போடலாம், கவர்மெண்ட் மேலன்னா சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுப்படி ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். ரெண்டு மாசம் காத்திருக்க முடியாத அவசரம்னா அதே பிரிவுலயே வழி இருக்கு, கோர்ட் அனுமதி கேட்டு போடலாம், ஆனா அவசரம்னு கோர்ட்டுக்குத் தோணலைன்னா நோட்டீஸ் குடுத்துட்டு வான்னு பிராதை திருப்பிக் குடுத்துடுவாங்க. எங்களுக்கு அதான் நடந்துச்சு, ஏன்னா நாங்க மரம் விழுந்து ஒரு மாசம் கழிச்சு போனோம், எதிர்த்தரப்பு வக்கீலு "மரம் போயாச்சு, ஜல்லி கொட்டியாச்சு, இப்போ என்ன அவசரம்"ன்னாரு. இன்னொரு கூத்து, பிராதுல பிரதிவாதின்னு ரோடு போட்ட இன்ஜினியர் பதவிய மட்டும் போட்டிருந்தோம். கவர்மெண்ட் மேல சூட்னா தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் மூலமாகன்னு இருக்கணும், 79வது பிரிவு. இது கூடத் தெரியாம போட்டாரா அந்த வக்கீலுன்னு கேக்காதீங்க, அவருக்கு பாகப்பிரிவினை கேஸ்தான் கை வந்த கலை, அவருகிட்ட நாங்கதான் அவசரம் அவசரம்னு நின்னோம்.

நோட்டீஸ் அனுப்பி ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள தார் போட்டுட்டாங்க. தடைங்கறது வரப்போறத நிறுத்தறதுக்கு, நடந்து முடிஞ்சத திருப்பறதுக்கு இல்ல. அதுவும் இல்லாம 2018ல சட்டத்த மாத்தி ரோடு, பாலம் மாதிரி உள்கட்டமைப்பு வேலைய தாமதப்படுத்துற மாதிரி சிவில் கோர்ட் தடை குடுக்கக்கூடாதுன்னு சேத்துட்டாங்கன்னு அப்புறம்தான் ஒருத்தரு சொன்னாரு. ஆக நாங்க கேட்ட பரிகாரமே அந்த இடத்துல கிடைக்குற பரிகாரம் இல்ல. (நடுவுல 2019 நவம்பர்ல மாவட்டத்த மூணா பிரிச்சாங்க, உங்க ஃபைல் ராணிப்பேட்டைக்குப் போயிடுச்சோ என்னமோன்னு ஒரு கிளார்க் என்னை ரெண்டு வாரம் அலைய விட்டாரு. குடியாத்தம் எப்பங்க ராணிப்பேட்டைக்குப் போச்சு.)

ரெண்டாவது கேஸ்தான் எனக்கு இன்னும் வெக்கமா இருக்குறது. ஊர்ல எங்களோட சேத்து இன்னும் நாலு பேரு நிலம் கொஞ்சம் கொஞ்சம் போயிருந்துச்சு. ஒரு இளவட்ட வக்கீலு, நல்ல பையன்தான், "அண்ணே, இதைப் பொதுநல வழக்கா போட்டுடலாம், வேலூர்க்காரன் பொதுநல வழக்குக்கு நாட்டுக்கே பாடம் எடுத்தவன்"ன்னான். அவன் சொன்னது வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் கேஸு. எங்க மாமனார் வாணியம்பாடில தோல் ஷாப்புல வேல பாத்தவரு, அவருக்கு அந்த கேஸ் நல்லா ஞாபகம் இருக்கு. பாலாத்துல தோல் கழிவு விட்டு கிணத்துத் தண்ணி எல்லாம் கெட்டுப்போச்சுன்னு 1991ல நேரா சுப்ரீம் கோர்ட்டுல போட்டாங்க, 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, நீதிபதி குல்தீப் சிங். கெடுத்தவன்தான் காசு குடுக்கணும், சேதம் வரும்னு சந்தேகம் இருந்தாலே முன்கூட்டி தடுக்கணும்னு ரெண்டு கொள்கையையும் இந்திய சட்டத்தோட பாகம்னு சொன்னது அந்தத் தீர்ப்புலதான், வேலூர் பேரு சட்டக் கல்லூரி புஸ்தகத்துல எல்லாம் இருக்குன்னா அதனாலதான். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் அபராதம் வேற. அந்த அமைப்புல யாரோட நிலம் போச்சு, யாரு கிணறு கெட்டுச்சுன்னு கோர்ட் தனித்தனியா கேக்கல. ஏன்னா பாதிக்கப்பட்டவங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க, கோர்ட்டுக்கு வர முடியாத ஜனங்க, கெட்டது ஆறு. 1981ல எஸ்.பி. குப்தா கேஸ்லயே அந்தக் கதவ திறந்து வெச்சுட்டாங்க, வர முடியாதவங்களுக்காக வேற ஒருத்தரு நல்ல எண்ணத்தோட வந்தா கேப்போம்னு.

நாங்க அந்தக் கதவுல எங்க சொந்தத் தென்னமரத்த தூக்கிட்டு நொழஞ்சோம். ஊர் நலச் சங்கம்னு ஒரு லெட்டர்பேடு அடிச்சு, அது பதிவு கூட ஆகல, அதுக்கு நான் செயலாளர்னு போட்டு சென்னை ஹைகோர்ட்டுல போட்டோம். வேலூர்க்காரங்களுக்கு மதுரை கிளை இல்ல, சென்னைதான். பொதுநல வழக்குன்னா எனக்கு இதுல சொந்த லாபம் எதுவும் இல்லன்னு பிரமாணப் பத்திரத்துல சொல்லணும். நான் கையெழுத்து போட்டேன். இப்போ நெனச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கு, ஆனா அன்னிக்கு அது ஒரு ஃபார்மாலிட்டின்னுதான் நெனச்சேன். லாக்டவுன் வந்து எல்லாம் நின்னு, கடைசில வீடியோ கான்ஃபரன்ஸ்ல வந்துச்சு. ரெண்டு நிமிஷம் கூட இல்ல. அரசு வக்கீலு ஒரே ஒரு சர்வே நம்பர படிச்சு "இது மனுதாரரோட தாத்தா நிலம், மை லார்ட்"ன்னாரு. பெஞ்சு எங்க வக்கீல கேட்டுச்சு, உங்க கட்சிக்காரருக்குப் பாதிப்புன்னா அவரு பேர்லயே ரிட் (அரசு மேல நேரா ஹைகோர்ட்டுல போடற மனு) போட வேண்டியதுதானே, இதுல பொதுநலம் எங்க இருக்கு, அபராதம் போடட்டுமா, வாபஸ் வாங்கறீங்களா? வாபஸ் வாங்கினோம். தனியா மனு போட்டுக்க உரிமை உண்டுன்னு ஒரு வரி ஆர்டர்ல சேக்க வெச்சாரு அந்தப் பையன், அந்த ஒரு வரிக்காக அவனை நான் மன்னிச்சிட்டேன். வாபஸ் வாங்குறப்போ அந்த வரி இல்லாம வெளிய வந்துடாதீங்க, அப்புறம் அதே விஷயத்துக்கு மறுபடி போனா ஏற்கெனவே வந்துட்டுப் போனவன்தானேன்னு கேப்பாங்க.

இதுக்கு நேர் எதிர்க் கதையும் இருக்கு. அடுத்தவன் தியேட்டர் கட்ட வாங்குன தடையில்லாச் சான்றால எனக்கு வியாபாரம் குறையுதுன்னு ஒரு சினிமா தியேட்டர்காரர் போட்ட கேஸ், 1975 டிசம்பர் தீர்ப்பு, ஜஸ்பாய் மோதிபாய் தேசாய். அவருக்கு நஷ்டம் உண்டுதான், ஆனா சட்டம் பாதுகாக்குற உரிமை எதுவும் மீறப்படல, அதனால நீ பாதிக்கப்பட்ட ஆளே இல்லன்னு அனுப்பிட்டாங்க. ஆக கஷ்டம் வேற, உரிமை வேற. எங்களுக்கு உரிமையே இருந்துச்சு, அரசியல் சட்டம் 300ஏ, சட்டப்படி இல்லாம யாரோட சொத்தையும் எடுக்கக்கூடாது. கையில சாவிய வெச்சுக்கிட்டு அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல ஏறுன கதை எங்களது.

மூணாவது வக்கீலு ஒரு அம்மா, சென்னைல இருக்காங்க, பூர்வீகம் ஆற்காடு. காட்பாடில காலைல ட்ரெயின் புடிச்சு சென்ட்ரல் போய் அங்கேர்ந்து மெட்ரோல ஹைகோர்ட் ஸ்டேஷன், எத்தன தடவன்னு கணக்கு விட்டுப்போச்சு. அவங்க முதல் நாளே ஃபைல மூடி வெச்சுட்டு கேட்டாங்க, "பட்டா தாத்தா பேர்ல, நீங்க யாரு?" நான் பேரன்னேன். "வாரிசு சான்றிதழ் எங்க? உங்க அத்தை இருக்காங்களா?" அத்தைய எதுக்கு இழுக்கணும்னு சித்தப்பாவுக்குக் கோவம். தாத்தா சொந்தமா வாங்கின சொத்து, உயில் இல்ல, 1956 வாரிசுச் சட்டப்படியே பொண்ணுக்கும் சம பங்குன்னு அந்தம்மா சொன்னதும் சித்தப்பா வாய மூடிட்டாரு. அத்தை பேர்ணாம்பட்டுல இருக்கு, பத்து வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. நான் போய் நின்னேன். "இப்பதான் அத்தைன்னு ஞாபகம் வந்துச்சா, மரம் விழுந்தாதான் வருவீங்களாடா"ன்னு அரை மணி நேரம் திட்டிட்டு, சோறு போட்டுட்டு, கையெழுத்தும் போட்டுச்சு. முதல் மனுதாரர் அத்தை, ரெண்டாவது சித்தப்பா, மூணாவது நானும் எங்கம்மாவும் தங்கச்சியும். அத்தை பேரு மேல வந்ததுல இன்னொரு லாபம் இருந்துச்சுன்னு லேட்டாதான் தெரிஞ்சுது, பெண்களுக்கு வருமானம் பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டம் 12வது பிரிவு, எஸ்சி எஸ்டி மக்களுக்கும் அப்படித்தான். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆபீஸ் இருக்கு, அத நாலு வருஷம் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். முதல் ரெண்டு கேஸுக்கு குடுத்த காச நெனச்சா வயிறு எரியுது.

அப்புறம் பிரேயர். மனுவோட கடைசிப் பாரா, என்ன வேணும்னு கேக்குற இடம். நான் எழுதிக் குடுத்ததுல "மேற்படி நிலம் எங்களுக்கே சொந்தம் என அறிவித்து, சாலையை அகற்றி, நஷ்ட ஈடு வழங்கி, தவறு செய்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்து"ன்னு ஒரு முழ நீளம். அந்தம்மா சிவப்பு பேனால ஒவ்வொண்ணா அடிச்சாங்க. சொந்தம்னு அறிவிக்கணும்னா சாட்சி விசாரணை வேணும், அது சிவில் கோர்ட் வேல, ரிட்ல கேட்டா அந்த ஒரே காரணத்துக்காகவே சிவில் கோர்ட்டுக்குப் போன்னு அனுப்பிடுவாங்க. ரோட்ட அகற்றுன்னு கேட்டா ஊரே பஸ்ல போற ரோடு, எந்த நீதிபதியும் பண்ண மாட்டாங்க. அதிகாரி மேல நடவடிக்கைன்னா தனிக் கதை. மிச்சம் நின்னது, அளந்து பாரு, எங்க பட்டா நிலம் ரோட்டுல இருந்தா சட்டப்படி எடுத்துட்டு காசு குடு. இவ்ளோதானான்னு எனக்கு சப்புன்னு இருந்துச்சு. எதிர்த்தரப்புல கலெக்டர், டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்), ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்), தாசில்தார், ரோடு போட்ட துறையோட டிவிஷனல் இன்ஜினியர் எல்லாரையும் சேத்தாங்க. ஒருத்தர விட்டாலும் அது என் வேல இல்ல, அவரு வேலன்னு சொல்லிடுவாங்க, சர்வே பண்றவரு ஒரு துறை, ரோடு போட்டவரு ஒரு துறை, காசு குடுக்கறவரு ஒரு துறை.

2021ல அந்த மனு அட்மிஷன்லயே, அதாவது ஏத்துக்கலாமான்னு பாக்குற முதல் விசாரணைலயே, முடிஞ்சுது. மனுதாரர்களோட மனுவ பரிசீலிச்சு 12 வாரத்துக்குள்ள தகுதி அடிப்படைல உத்தரவு போடணும்னு ஆர்டர். ஜெயிச்சிட்டோம்னு ஊர்ல ஸ்வீட் குடுத்தாரு சித்தப்பா. அந்தம்மா போன்லயே சொன்னாங்க, ஸ்வீட் வாங்காதீங்க, பரிசீலிக்கச் சொல்லி இருக்காங்க, குடுக்கச் சொல்லல. இதைக் கவர்மெண்ட் மேல கேஸ் போடற எல்லாரும் புரிஞ்சிக்கணும், ஹைகோர்ட்டுல தெனம் இந்த மாதிரி ஆர்டர் எத்தனையோ போகும். பரிசீலிச்சு முடியாதுன்னு சொன்னாலும் ஆர்டர நிறைவேத்தினதாதான் கணக்கு. அந்த 12 வாரமும் ஆர்டர் தேதிலேர்ந்து இல்ல, ஆர்டர் காப்பி அவங்க கைக்குக் கிடைச்ச நாள்லேர்ந்து, எங்க ஆர்டர்ல அப்படித்தான் இருந்துச்சு. கோர்ட்டே அனுப்பிடும்னு நான் சும்மா இருந்தேன். மூணு மாசம் கழிச்சு ஆபீஸ்ல போய் கேட்டா "எந்த ஆர்டரு?"ங்கறாங்க. அப்புறம் சர்டிஃபைட் காப்பி எடுத்து, கவரிங் லெட்டரோட அஞ்சு ஆபீஸுக்கும் பதிவுத் தபால், கூடவே நேர்ல போய் சீல். அன்னிக்குதான் கடிகாரமே ஓட ஆரம்பிச்சுது.

12 வாரம் போச்சு, பதில் இல்ல. கண்டெம்ப்ட், அதாவது கோர்ட் அவமதிப்பு வழக்கு, போட்டோம். அதுக்கு ஒரு வருஷக் கெடு இருக்கு, 1971 சட்டம் 20வது பிரிவு, சில பேரு அதிகாரிகிட்ட கெஞ்சிக்கிட்டே அந்த ஒரு வருஷத்த விட்டுடறாங்க. கண்டெம்ப்ட் நோட்டீஸ் போனதும் மாயாஜாலம் மாதிரி ஒரே வாரத்துல உத்தரவு வந்துச்சு, ஒன்றரை பக்கம், "மனுதாரர்கள் கோரும் நிலம் சாலைப் புறம்போக்கு என தெரிய வருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது." அளக்கல, எங்கள கூப்பிடல, பத்திரத்த பாத்ததா ஒரு வரி இல்ல. கோர்ட்டுல அத நீட்டுனாங்க, உத்தரவு போட்டாச்சு, கண்டெம்ப்ட் முடிஞ்சுது, அந்த உத்தரவு தப்புன்னா அதைத் தனியா எதிர்த்துக்கோன்னு மூடிட்டாங்க. எனக்கு பயங்கரக் கோவம். ஆனா அது புதுசு இல்ல, 1996லயே பரிஹார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான், பரிசீலிச்சு போட்ட உத்தரவு சரியா தப்பாங்கறது கண்டெம்ப்ட்ல பாக்குற விஷயம் இல்ல, அது புது வழக்கு மூலம். அத்தை மட்டும் தெளிவா ஒண்ணு கேட்டுச்சு, "ஏண்டா, இத்தினி நாளா வாயால சொன்னத இப்ப எழுதிக் குடுத்துட்டானுங்க, அது நல்லதுதானே?"

நல்லதுதான். எழுத்துல ஒரு உத்தரவு இருந்தாதான் அதை ரத்து பண்ணுன்னு கேக்க முடியும். ரத்து பண்றது செர்ஷியோராரி, செய்யச் சொல்றது மாண்டமஸ், ரெண்டையும் சேத்து சென்னை ஹைகோர்ட்டுல செர்ஷியோராரிஃபைட் மாண்டமஸ்னு ஒண்ணு கேப்பாங்க. இந்தப் பேர சித்தப்பா கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, "அந்த நீளமான ரிட்டு"தான் அவருக்கு.

அந்த நீளமான ரிட்டு 2022ல போட்டு 2024ல முடிஞ்சுது. கவர்மெண்ட் பதில் மனுவுல புதுசா ஒரு கதை, உங்க தாத்தாவே வாய்மொழியா சம்மதிச்சு ரோட்டுக்கு இடம் விட்டாருன்னு. தாத்தா வேலிக் கல்லு ஒரு விரக்கடை நகர்ந்தாலே பக்கத்து நிலத்துக்காரன்கிட்ட அரிவாளோட போனவரு. எங்க வக்கீலம்மா ரெண்டு விஷயம் சொன்னாங்க. உத்தரவுல இல்லாத காரணத்த பின்னாடி பதில் மனுவுல சேத்து உத்தரவுக்கு முட்டுக் குடுக்க முடியாது, மொஹிந்தர் சிங் கில் கேஸ். ரெண்டாவது வித்யா தேவி, 2020 ஜனவரி தீர்ப்பு. ஹிமாச்சல்ல ஒரு எழுதப் படிக்கத் தெரியாத விதவை அம்மா, 1967-68ல நிலத்துல ரோடு போட்டுட்டாங்க, பைசா குடுக்கல, கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தப்போ அவங்களுக்கு எண்பது வயசு. அங்கயும் கவர்மெண்ட் இதே வாய்மொழி சம்மதக் கதைதான் சொல்லுச்சு, போதாததுக்கு இத்தன வருஷம் எங்க அனுபவத்துல இருக்கு, அதனால எங்களுக்கே சொந்தம்னு வேற சொல்லுச்சு. ஜனங்க நிலத்த எடுத்துக்கிட்டு அரசாங்கம் அப்படிக் கேக்கவே கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி நஷ்ட ஈடு குடுக்க வெச்சுது. அந்தத் தீர்ப்ப நான் தமிழ்ல அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அந்தம்மா உயிரோட இருக்கறப்பவே காசு வந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டுச்சு, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

தீர்ப்பு எங்களுக்கு சாதகம். நிராகரிப்பு உத்தரவு ரத்து, எங்களுக்கு நோட்டீஸ் குடுத்து ஆறு வாரத்துல கூட்டா அளக்கணும், பட்டா நிலம் ரோட்டுல இருக்குன்னு தெரிஞ்சா நாலு மாசத்துல சட்டப்படி எடுத்து தொகை குடுக்கணும். இந்த தடவ காப்பி கைக்கு வந்த அன்னிக்கே அஞ்சு ஆபீஸ்லயும் சீல் வாங்கிட்டேன்.

சர்வேயர் வந்தாரு, எங்க ஆளுங்க, அவங்க ஆளுங்க, வேடிக்கை பாக்க ஊரு. நாங்க இத்தன வருஷமா ஒன்பதரை சென்ட்னு கோர்ட்டுல சொல்லிட்டு இருந்தோம். அளந்தா எட்டு. மீதி ஒன்றரை சென்ட் நெஜமாவே புறம்போக்கு, தாத்தா அரிவாளோட காவல் காத்த வேலிக் கல்லு கொஞ்சம் தாராளமாதான் நின்னுருக்கு. சித்தப்பாவுக்கு அதுல இன்னும் சந்தேகம், சங்கிலிய இழுத்துப் புடிச்சிட்டான்ங்கறாரு. எனக்கு இல்ல. சொந்தம்னு அறிவிக்கணும்னு பிரேயர்ல ஒன்பதரைக்கு கேட்டிருந்தா அந்த ஒன்றரைய காட்டியே எங்கள பொய் சொல்றவங்கன்னு ஆக்கி இருப்பாங்க, அளந்து பாருன்னு மட்டும் கேட்டதால தப்பிச்சோம்.

பக்கத்து நாலு பேரும் இப்போ எங்க ஆர்டர காட்டி தனித்தனியா போட்டிருக்காங்க. மாமனார்கிட்ட இதெல்லாம் சொன்னா சிரிக்கறாரு, தோல் ஷாப் கேஸு 1991ல போட்டது, 2025 ஜனவரி 30ல கூட சுப்ரீம் கோர்ட் அதே பாலாறு விஷயத்துல, இன்னும் காசு கிடைக்காத குடும்பங்களுக்கு கவர்மெண்ட் முதல்ல குடு, அப்புறம் கெடுத்தவன்கிட்ட வசூல் பண்ணுன்னு உத்தரவு போட்டுட்டு வழக்க மூடாம கையிலயே வெச்சிருக்கு, உன் கேஸ் எல்லாம் எக்ஸ்பிரஸ் ட்ரெயின்டாங்கறாரு.

போன மாசம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டாங்க. நிலத்துக்கு ஒரு தொகை சொன்னாங்க, பரவால்ல, வழிகாட்டி மதிப்ப விட மேலதான். எல்லாம் பேசி முடிச்சு எழுந்திருக்கும்போது அத்தை "நாலு தென்னமரம் இருந்துச்சே, காய்க்கிற மரம், அதுக்கு?"ன்னு கேட்டுச்சு. அதிகாரி ஃபைல புரட்டிட்டு, "அளந்தப்போ மரம் எதுவும் இல்லையேம்மா, கோர்ட் ஆர்டர்லயும் மரம் இல்ல, நீங்களும் கேக்கலையே"ன்னாரு. வீட்டுக்கு வந்து மனுவ எடுத்து பிரேயர நாலு தடவ படிச்சேன். நெஜமாவே இல்ல. சித்தப்பா போன்ல அந்த ஜேசிபி போட்டோவ தேடி எடுத்து, தேதி தெரியற மாதிரி பிரிண்ட் போட்டு, மரத்துக்குத் தனியா ஒரு மனு எழுதி, திங்கக்கிழமை அத்தைய கூட்டிக்கிட்டு சத்துவாச்சாரி போனேன். ரசீதுல சீல் சரியா விழலைன்னு அத்தை திரும்பிப் போய் இன்னொரு தடவ குத்த வெச்சுட்டுதான் வந்துச்சு.